மேட்டுப்பாளையத்தில் மட்டும் கொதிக்கும் வண்டி

குன்னூரில் யாரிடம் காட்டினாலும் எங்கள் காருக்கு ஒரு கோளாறும் இல்லை. மலை இறங்கி, கல்லாற்றுப் பாக்குத் தோப்புகளைத் தாண்டி, மேட்டுப்பாளையம் பாலத்து நெரிசலில் நின்றால் மட்டும் அதன் சூட்டு முள் எழுந்துகொள்ளும். சிவப்புக் கோட்டைத் தொட்டதும் மணி அடிக்கும், திரையில் வண்டியை நிறுத்தச் சொல்லி எச்சரிக்கை வரும். அங்கிருந்து கயிறு கட்டி இழுத்தோ, ஓரங்கட்டி ஆறவைத்தோ மறுபடி மேலே கொண்டுவந்தால், ஒன்றுமே தெரியாததுபோல் மூடுபனியில் நின்றுகொண்டிருக்கும்.

ஆடம்பரத்துக்காக வாங்கிய கார் இல்லை அது. ஒரு தேயிலைத் தொழிற்சாலை முதலாளி புதிதாக வாங்கி, மூன்று லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிவிட்டு, வேறு கார் மாற்றியபோது எங்களிடம் வந்தது. வெளிநாட்டுச் செடான். தோல் இருக்கையின் நிறம் போயிருந்தது, ஒரு பக்கக் கண்ணாடி தானாக இறங்கும், ஏறாது. ஆனால் அதன் பின்சீட்டைப் போன்ற ஒரு சீட்டில் நான் வேறெங்கும் உட்கார்ந்ததில்லை. என் மனைவிக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை ஆனபிறகு, கொண்டை ஊசி வளைவுகளில் வலியில்லாமல் அவள் இறங்கி ஏறியது அந்தச் சீட்டில் மட்டும்தான். வாடகைக் காரில் ஒருமுறை முயன்றோம். பர்லியாரில் குரங்குகள் வேடிக்கை பார்க்க, பெஞ்சில் படுத்துக்கொண்டாள். அங்கிருந்தே திரும்பிவிட்டோம். மலை ரயிலின் நேர்முதுகு இருக்கை அவளுக்கு அதைவிடக் கொடுமை. பஸ் என்ற பேச்சே இல்லை.

எங்கள் மகள் கோயம்புத்தூரில், வடவள்ளியில், வாழ்க்கைப்பட்டவள். தலைப்பிரசவம். வழக்கப்படி வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். ஆனால் ரத்த அழுத்தம் கூடுதலாக இருந்ததால், மலையேறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் வளைகாப்பும் பிரசவமும் கீழேயே என்று ஆனது. மனைவிக்கு அதில் பெரிய குறை. ஒன்றே ஒன்றை மட்டும் அவள் விடவில்லை. எங்கள் வழக்கத்தில் கண்ணாடி வளையல்களுக்கு முன்னால் வேப்பங்குச்சியை வளைத்துச் செய்த காப்பைப் போடுவார்கள். அதைப் போடுகிறவள் பெண்ணின் அம்மா. வேப்பமரம் எங்கள் மலையில் வளராது. காப்பைத் தாமே செய்து வைப்பதாகச் சம்பந்தி அம்மாள் சொல்லியிருந்தார்.

"நான் வந்து போட்டாப் போதுமுங்க. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்று போனில் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

ஆகவே வளைகாப்புக்கு நாள் குறித்த அன்றே நான் வண்டியைச் சரிசெய்யக் கிளம்பிவிட்டேன்.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கர். பச்சை இலை வாடுவதிலிருந்து தூள் உலர்ந்து விழுவது வரை சூடும் ஈரமும் என் பொறுப்பு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, விளைவைக் குறி, பிறகு அடுத்ததைத் தொடு: தொழிலில் எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். காருக்கும் அதையே செய்தேன். உலர்த்தும் எந்திரத்துக்கு வைத்திருக்கும் வெப்பமானித் துப்பாக்கியைக் கொண்டுவந்து, ரேடியேட்டரின் மேல் குழாயையும் கீழ்க் குழாயையும் தினமும் அளந்தேன். மனைவி ஜன்னலில் நின்று, எதிர்வீட்டு அம்மாளிடம் சொன்னாள்: "எனக்கு ஆபரேசன் ஆனப்பக்கூட இப்பிடிக் காய்ச்சல் பார்க்கலைங்க இவரு."

மேலே எனக்கு ஒரு மெக்கானிக் உண்டு. ஜெகதளா போகும் சாலையில், தேயிலைச் சரிவை வெட்டி எடுத்த இடத்தில் பட்டறை. என்னைவிட மூத்தவர், மலைப்பாதை வண்டிகளிலேயே ஆயுசைக் கழித்தவர். எஞ்சினை ஓடவிட்டு, தேநீர் குடித்து, மறுபடி ஒரு தேநீர் குடித்து, பானெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கை வச்சுப் பாருங்க சார். குழந்தை நெத்தி மாதிரி இருக்குது. இதுக்கா காய்ச்சல்ங்கறீங்க?"

"மேட்டுப்பாளையத்துல கொதிக்குதுங்க."

"மேட்டுப்பாளையத்துல நானும்தான் கொதிப்பேன்" என்றார்.

கீழேயும் ஒருவர் இருந்தார். கோயம்புத்தூர் எல்லையில், மேட்டுப்பாளையம் சாலையிலேயே பட்டறை. முப்பத்தைந்து வயதிருக்கும். இந்த வகைக் கார்களை மட்டுமே தொடுவார். என் வண்டியைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினார். "மலை வண்டிங்களாங்ணா? மேல என்னென்ன கை வச்சிருக்காங்களோ."

வார விடுமுறைகளில் தனியாக வண்டியை இறக்கி, அவரிடம் விட்டு, மாலை ஏறி வருவது என் வழக்கமாயிற்று. முதலில் பழைய குளிர்நீரை வடித்துப் புதியது ஊற்றினார். கொதித்தது. ரேடியேட்டர் மூடியை மாற்றினார். கொதித்தது. விசிறியைச் சோதித்தார், அது நன்றாகவே சுற்றியது. தண்ணீர் பம்பை மாற்றினார். காரமடை தேர்முட்டி வரை கொதிக்காமல் போய், அங்கே கொதித்தது. ரேடியேட்டரையே கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன். அதைக் கழற்ற முன்பக்கம் முழுவதையும் பிரிக்க வேண்டும், இத்தனை வயதான வண்டியில் பிளாஸ்டிக் கொக்கிகள் எல்லாம் உடையும், உடைந்தால் கிடைக்காது, அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

கடைசிக்கு முன்னால் அவர் செய்தது, தெர்மோஸ்டாட்டை எடுத்தே விட்டதுதான். எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் கதவு அது. "கதவே இல்லைன்னா எப்பிடிங்ணா கொதிக்கும்?" என்றார். அன்று கொதிக்கவில்லைதான். ஆனால் மேலே வந்ததும் எஞ்சின் சூடாகவே மறுத்தது. முள் அடியிலேயே படுத்துக் கிடந்தது, ஹீட்டரில் வெறும் ஈரக்காற்று வந்தது, கண்ணாடி முழுக்க மூட்டம். மனைவியை மருந்து வாங்க அழைத்துப்போன அந்தச் சின்ன தூரத்துக்கே முதுகு இறுகிப்போய், இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை.

ஜெகதளா மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். திறந்து பார்த்து அவமானப்பட்டவர்போல் நின்றார்.

"எவன் இதைப் பிடுங்கினது?"

சொன்னேன்.

"கீழ இருக்கறவனுக்குக் குளிருன்னா என்னன்னு தெரியுமா சார்? வண்டிக்கும் உசிரு இருக்குதுங்க."

புதிய தெர்மோஸ்டாட்டைப் போட்டுவிட்டார். அடுத்த வாரம் கீழே இருப்பவர் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "மேல இருக்கறவருக்கு வெயில்னா என்னன்னு தெரியுமாங்ணா? மறுபடி மாட்டி வச்சிருக்காரு பாருங்க." ஒருவர் சொன்னதை மற்றவரிடம் நான் சொல்லவில்லை. ஆனால் இருவருக்கும் நடுவில் மலைப்பாதை பஸ் மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தவன் நான்தான். யார் பேச்சையும் நம்பாமல், யாரையும் விடவும் முடியாமல்.

வளைகாப்புக்கு முந்தைய வாரம் ஓர் அதிசயம் நடந்தது. தெர்மோஸ்டாட் இருந்தபடியே சோதனைக்கு இறக்கினேன். மேட்டுப்பாளையம் பாலத்தில் வழக்கமான நெரிசல். முள் நடுவில் நின்றது. துடியலூரிலும் அங்கேயே நின்றது. வடவள்ளியில் மகள் வீட்டு வாசலிலும் நின்றது. மாப்பிள்ளை வெளியே வந்து, "என்ன மாமா, பாஸாயிடுச்சா?" என்றார். நான் முள்ளையே படம் எடுத்தேன். ஜெகதளாக்காரர் தன் தெர்மோஸ்டாட்தான் காரணம் என்றார். கோயம்புத்தூர்க்காரர் தன் தண்ணீர் பம்ப் இப்போதுதான் படிந்திருக்கிறது என்றார். அன்று காலை கீழே கோடை மழை பெய்து காற்று குளிர்ந்திருந்ததை நான் குறித்துத்தான் வைத்தேன். ஆனாலும் நம்ப விரும்பினேன், நம்பிவிட்டேன்.

விசேஷ நாளில் சீக்கிரமே கிளம்பினோம். மனைவி மாம்பழ நிறப் பட்டுப்புடவை. முன்சீட்டில் தட்டுகள், பழம், வளையல் பெட்டி, சம்பந்தி வீட்டுக்கு எங்கள் ஊர் வர்க்கி ரொட்டி. பின்சீட்டில் அவள் தலையணையைச் சரியாக வைத்து, கால் நீட்டி உட்கார்ந்தாள். வளைவுகளில் நான் இரண்டாவது கியரில், பிரேக்கைத் தொடாமல் இறக்கினேன். பர்லியாரில், "இன்னிக்கு வலியே இல்லைங்க" என்றாள். கண்ணாடியில் பார்த்தேன், சிரித்துக்கொண்டிருந்தாள்.

கீழே மேகம் ஒன்றுகூட இல்லை.

முகூர்த்த நாள். போதாததற்கு மண்டிக்குப் போகும் கேரட் லாரிகளும் உருளைக்கிழங்கு லாரிகளும். பவானிப் பாலத்துக்கு முன்பே வண்டிகள் நின்றுவிட்டன. முள் நடுவை விட்டு நகர்ந்தது. ஏசியை அணைத்தேன். பின்னாலிருந்து, "ஏனுங்க, ஆரம்பிச்சிருச்சா?" என்று கேட்டாள். மணி அடித்தது.

ஓர் இளநீர்க் கடைப் புளியமரத்து நிழலில் ஓரங்கட்டினேன். மனைவியால் இறங்கி நிற்க முடியாது. இரண்டு பக்கக் கதவையும் திறந்துவிட்டேன். பானெட்டைத் திறந்ததும் முகத்தில் அனல் அறைந்தது. கீழ் மெக்கானிக்கை அழைத்தேன். நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேல் மெக்கானிக், வண்டி நன்றாகப் போகிறதா என்று விசாரிக்க அழைத்தார். எரிச்சலில் இருவரையும் ஒரே இணைப்பில் சேர்த்து, போனை ஸ்பீக்கரில் போட்டு எஞ்சின்மேல் வைத்தேன். "நீங்களே பேசிக்கங்க" என்றேன்.

சிறிது நேரம் இரண்டு பேரும் மரியாதையாகவே பேசினார்கள். பிறகு கோயம்புத்தூர்க்காரர் கேட்டார்: "எல்லாம் மாத்தியாச்சுங்க. விசிறியும் சுத்துது. ஆனா காத்து உள்ள போகாத மாதிரிதான் இருக்குது. ஏதாச்சும் மறைக்குதுங்களா?"

"மறைக்காம? பனிக்குப் போட்ட ஷீட்டு இருக்குதே" என்றார் ஜெகதளாக்காரர்.

கோயம்புத்தூர்க்காரரின் குரல் உயர்ந்தது.

"என்ன ஷீட்டுங்க?"

"ரேடியேட்டருக்கு முன்னாடி போடுவோமில்ல, அதுதான்."

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. கடந்த மார்கழியில், அதிகாலைப் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்த நாட்களில், ஹீட்டர் சூடு போதவில்லை, மனைவிக்கு முதுகு இழுக்கிறது என்று அவரிடம் சொல்லியிருந்தேன். மறுநாள் ஹீட்டர் அருமையாக வேலை செய்தது. என்ன செய்தீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. உறைபனிக் காலத்தில் எங்கள் பக்கத்து லாரிகள் முன்னால் சாக்கைக் கட்டிக்கொண்டு போவதை வாழ்நாளெல்லாம் பார்க்கிறவன் நான். அவருக்கு அது குளிருக்கு ஸ்வெட்டர் போடுவது மாதிரி. சொல்ல என்ன இருக்கிறது? சாக்கைத் தொங்கவிட்டால் இந்தக் காருக்கு அழகாயிருக்காதென்று, முன்னால் இருக்கும் ஏசி வலைக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் யார் கண்ணிலும் படாமல் நாசூக்காகச் செருகியிருக்கிறார். பனி போய்க் கோடை வந்தபிறகும், குன்னூரிலேயே ஓடும் வண்டிக்கு அது தொந்தரவாக இல்லாததால் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. ரேடியேட்டரின் மூக்கைப் பொத்துகிற ஓர் ஊர் உலகத்தில் இருக்கும் என்று கோயம்புத்தூர்க்காரருக்கும் தோன்றவில்லை. காற்று போகாவிட்டால் இலை வாடாது என்று தொழிற்சாலையில் தினமும் கத்துகிறவன் நான். மூன்று பேரும் மூன்று மாதம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

போன் கொதிக்கத் தொடங்கியிருந்தது.

"அடைச்சு வச்சிருக்கீங்களா? மனுசன் மூக்குல பஞ்சு வைக்கற மாதிரி?"

"தம்பி, இங்க உறைபனி விழுது. நீ ஒரு மார்கழி வந்து தங்கிப் பாரு, நீயே மூக்குல பஞ்சு வச்சுக்குவே."

"வர்றனுங்க. முதல்ல அதைக் கழட்டுங்க!"

"நான் எங்கிருந்து கழட்டறது? நான் ஜெகதளால டீ குடிச்சுட்டிருக்கேன்."

"அந்த டீயைத்தான் ரேடியேட்டர்ல ஊத்தினீங்களா?"

பின்சீட்டில் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்தால் முதுகு வலிக்கும், வலித்தும் சிரித்தாள். "ரெண்டு பேரையும் வளைகாப்புக்குக் கூப்பிட்டிருக்கலாமுங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேல்மூடியின் கொக்கிகளை விரலால் நெம்பினேன். முதல் கொக்கி உடைந்தது, இரண்டாவதும் உடைந்தது. இடுக்கில் கறுப்பாக ஓர் ஓரம் தெரிந்தது. இத்தனை நாள் தேடியது கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. பிடித்து இழுத்தேன். அசையவில்லை. போனில் கோயம்புத்தூர்க்காரர் பதறினார்: "இழுக்காதீங்ணா! ரேடியேட்டர் கிழிஞ்சா நின்ன எடத்துலயே நிக்க வேண்டியதுதான். ஆறவச்சுட்டு, ஹீட்டரை முழுசா வைங்க, அது எஞ்சின் சூட்டை இழுக்கும். ஜன்னலைத் திறந்துட்டு மெதுவா வாங்க. நான் வடவள்ளிக்கே வந்து எடுத்துத் தர்றேன்."

அந்த வெயிலில், பட்டுப்புடவை கட்டிய என் மனைவியை உட்காரவைத்து, ஹீட்டரை உச்சத்தில் வைத்துக்கொண்டு ஓட்டினேன். காலடியிலிருந்து அனல் ஏறியது. தலையில் வைத்திருந்த மல்லிகை கருகத் தொடங்கியது. வர்க்கிப் பெட்டியிலிருந்து நெய் வாசனை எழுந்தது. ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "ஹீட்டர் நல்லாத்தான் போட்டுக் குடுத்திருக்காரு" என்றாள். காரமடையில் ஒருமுறை நின்றோம். பெரியநாயக்கன்பாளையத்தில் ஒருமுறை நின்றோம். நின்ற இடத்திலெல்லாம் முள் இறங்கக் காத்திருந்தேன். நல்ல நேரம் எனக்காகக் காத்திருக்கவில்லை.

துடியலூர் வரும் முன்பு மகள் அழைத்தாள். மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, எங்க வந்துட்டீங்க?"

"பக்கத்துல வந்துட்டோம் கண்ணு."

"நேரம் முடியப் போகுதுன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் முடியாதுன்னுட்டேன். நீங்க வந்துதான் போடணும்."

முள் மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. நான் கண்ணாடியில் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வெகு சாதாரணமான குரலில், "அடம் புடிக்காதே. உங்க அத்தையைப் போடச் சொல்லு கண்ணு. நேரம் தப்பக் கூடாது. நான் வந்து வளையல் போடறேன்" என்றாள். போனை வைத்துவிட்டு, முகத்தைத் துண்டால் துடைத்தாள். முகம் முழுக்க வேர்வையாக இருந்ததால், எதைத் துடைத்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. வண்டியை ஓரங்கட்டி ஆறவைத்தேன். வேறு வழியில்லை.

நாங்கள் போனபோது மகளின் கையில் வேப்பங்காப்பு இருந்தது. இரண்டு கன்னத்திலும் சந்தனம், அழுது கலைந்த கண் மை. சம்பந்தி அம்மாள் வாசலுக்கே ஓடிவந்து, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க கையால போட வேண்டியதுங்க. எனக்குப் போடவே மனசில்லை."

"யார் போட்டா என்னங்க, உங்க பொண்ணும்தானே" என்றாள் மனைவி. மணையின் அருகில் நாற்காலி போட்டார்கள். மனைவியால் குனிய முடியாததால், மகள் தன் கையைத் தூக்கி அவள் மடியில் வைத்தாள். இவள் சிவப்பும் பச்சையுமாக ஒவ்வொரு வளையலாக, உடையாமல், அவசரமில்லாமல் ஏற்றினாள். வளையல்களை மேலே தள்ளும்போது வேப்பங்காப்பு இடித்தது. அதை விரலால் மெல்ல நகர்த்திவிட்டுப் போட்டாள். நான் கதவருகில் எஞ்சின் கறை படிந்த வேட்டியுடன் நின்றிருந்தேன்.

பந்தி நடந்துகொண்டிருக்கும்போது கோயம்புத்தூர்க்காரர் சொன்னபடி வந்தார். நீளமான ஒரு கம்பியை விட்டு, பக்கவாட்டில் இரண்டு பிடிகளைத் தளர்த்தி, கறுப்பு பிளாஸ்டிக் அட்டையை உருவினார். நான் சாப்பிட்டுக் கை கழுவும் நேரம்கூட ஆகவில்லை. அட்டை ரேடியேட்டரின் முக்கால் பங்குக்கு அளவெடுத்து வெட்டப்பட்டிருந்தது. ஓரங்கள் பிசிறில்லாமல், முனைகள் உரசாமலிருக்க வட்டமாக வெட்டி, ரப்பர் சுற்றி. நல்ல வேலை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மட்டமான வேலையாக இருந்திருந்தால் திட்டவாவது முடிந்திருக்கும்.

உள்ளே மனைவி கட்டிலில் படுத்திருந்தாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள், தேய்க்கத் தேய்க்க வளையல்கள் குலுங்கின.

"கண்டுபிடிச்சு எடுத்தாச்சு" என்றேன்.

"இனிக் கொதிக்காதுங்களா?"

"கொதிக்காது."

"சரி, நீங்க அதுல போங்க. குழந்தை பொறந்து தாயும் பிள்ளையும் தேறற வரைக்கும் நான் இங்கதான். அந்த வண்டியில இனி நான் ஏறலை." முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "பால்காரருக்குச் சொல்லிருங்க" என்றாள்.

மாலையில் தனியாக ஏறினேன். மேட்டுப்பாளையத்தில் காலையைவிட மோசமான நெரிசல். முள் நடுவில் நின்றது. கல்லாற்றிலிருந்து மேடு. எஞ்சின் முக்காமல் முனகாமல், புதுவண்டிபோல் இழுத்தது. ஒவ்வொரு வளைவிலும் அந்த முள்ளைப் பார்த்தேன். மயிரிழைகூட அசையவில்லை. பர்லியாரில் நிறுத்தி இறங்கி, முன்சக்கரத்தை ஓங்கி ஓர் உதை உதைத்தேன். டீக்கடையிலிருந்த டிரைவர் ஒருவர் எட்டிப் பார்த்து, "என்னங்க, மக்கர் பண்ணுதா?" என்றார்.

"இல்லைங்க" என்றேன். "நல்லாத்தான் போகுது."